மாட்டுங்காவிலிருந்து வந்த கதவு

எனக்கு ஒன்பது பத்து வயது ஆகும்வரை எங்கள் வீட்டுக்குக் கதவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் ஒற்றை அறை. அதை ரூம் என்றுதான் சொல்வோம். வீடு என்றால் அது திசையன்விளைப் பக்கம் ஊரில் இருப்பது. மரச் சட்டத்தின் மேல் தகரத்தை அடித்து அப்பா தானே ஒரு மறைப்புச் செய்து வாசலில் மாட்டியிருந்தார். ஜூனில் மழை பிடித்தால் தகரத்தின் அடிப்பக்கம் துருவேறி இற்றுப்போகும். மழை விட்டதும் இற்றதை வெட்டியெறிந்துவிட்டு வேறு துண்டு அடிப்பார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதன் மேல் ஒரு பூச்சு பெயின்ட்.

அப்பா டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். காலையில் சயான் வரை நடந்துபோய் கம்பெனி பஸ் பிடிப்பார். எதைப் பற்றியும் குறை சொல்லமாட்டார், அந்தத் தகரத்தைத் தவிர. "ஒருத்தன் வந்து தட்டினா தட்டின மாதிரி இருக்கணும். நம்ம வாசல்ல தட்டினா டப்பா உருளுத சத்தம்லா கேக்கு" என்பார். அம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளமாட்டாள். தண்ணீர், ரேஷன், ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் என்று அவளுக்கு வேறு கவலைகள் இருந்தன.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சந்தின் முனையிலிருந்து சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். ரோட்டில் ஒரு கைவண்டி நின்றது. அதன் மேல் கட்டில் மாதிரி ஒரு பெரிய மரம் கிடந்தது. பின்னால் அப்பா, சட்டையெல்லாம் நனைந்து. கைவண்டி சந்துக்குள் நுழையாது. அதனால் தெரிந்தவர்கள் நான்கு பேர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பலகைக் கட்டிலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு தாத்தா தலையைத் தூக்கிப் பார்த்து, "எய்யா, யாரைத் தூக்கிட்டுப் போறீய?" என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "கதவுங்க. கதவு!" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

அப்பா மாட்டுங்காவில் ஒரு வீட்டில் தண்ணீர் பம்ப் சரிசெய்து கொடுக்கப் போயிருந்தார். திரும்பும் வழியில் மழையில் பால்கனி விழுந்து காலி செய்யப்பட்ட ஒரு மூன்றுமாடிக் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். இடிக்கிற குத்தகைக்காரன் ஜன்னல், கதவு, ஓடு, குழாய் எல்லாவற்றையும் நடைபாதையில் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தான். அப்பா ஒரு கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். வாங்கிவிட்டார்.

வாசலில் இறக்கி வைத்த பிறகுதான் எல்லோரும் அதை ஒழுங்காகப் பார்த்தோம். கரும்பழுப்பு நிறத்தில் பர்மா தேக்கு. மேலே பெயர்ப்பலகை இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெளிறியிருந்தது. இடுப்பு உயரத்தில் கடிதம் போடுவதற்கு ஒரு நீளமான துவாரம், அதற்குப் பித்தளை மூடி. மூடியைத் தூக்கிவிட்டால் தானாக விழுந்து மூடிக்கொள்ளும். கீழ்ப்பக்கம் மஞ்சள் தடவித் தடவி ஏறிய கறை. இவ்வளவும் சரி. ஆனால் கதவை நிமிர்த்தி நிறுத்தியபோது அது எங்கள் வாசலை விட ஒரு முழத்துக்கும் மேல் உயரமாக நின்றது. கூரையின் விளிம்பையும் தாண்டியது.

தச்சு மிஸ்திரி வந்து அளந்து பார்த்துவிட்டு, கீழே அறுத்துவிடலாம், ஒரு மணிநேர வேலை என்றார். அம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

"அறுக்கக் கூடாது" என்றார் அப்பா.

"பின்ன என்ன செய்ய? கதவைச் சாமி மாதிரி வெளிய சாத்தி வைக்கவா?"

"சுவரைத் தூக்குவோம்."

"ஒரு கதவுக்காக எவனாவது வீட்டைத் தூக்குவானா? கேக்கவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். இந்த மரம் கப்பல்ல வந்தது. நான் போயி அத அறுத்தேன்னா என் கை விளங்காது."

கதவு ஒரு வாரம் சுவரோரம் படுத்துக் கிடந்தது. நானும் தம்பியும் அதன் மேல்தான் தூங்கினோம். அடுத்த சனி, ஞாயிறில் அப்பாவும் அவருடைய கம்பெனி ஆட்கள் சிலரும் சேர்ந்து கூரைத் தகடுகளைக் கழற்றினார்கள். முன்சுவரில் செங்கல் வரிசைகள் ஏறின. முன்பக்கம் உயர்ந்ததும் பின்பக்கத்தையும் உயர்த்தாமல் முடியவில்லை. மழைத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் இறங்கிவிடும் என்று அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அப்படி நான்கு பக்கமும் ஏறி முடித்தபோது எங்கள் தலைக்கு மேல் வெறும் காற்று நிறைய இருந்தது. அண்ணாந்து பார்த்த அம்மாதான், "இவ்வளவு எடத்த சும்மாவா விடப்போறீய?" என்று கேட்டாள். குறுக்கே இரும்புக் கம்பிகள் போட்டுப் பலகை அடித்து மேலே ஒரு மாளா வந்தது. மாளா என்பது எங்கள் பகுதியில் பரணை விடப் பெரியது, மாடியை விடச் சிறியது. குனிந்து உட்காரலாம், படுக்கலாம். ஏணியில் ஏறிப்போக வேண்டும். நான் பத்தாவது படித்ததும், சுருக்கெழுத்துப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததும் அங்கேதான்.

அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் சந்தில் பலரும் கூரையை உயர்த்தினார்கள். எங்களைப் பார்த்துத்தான் என்று அப்பா நினைத்துக்கொண்டார். உண்மையில் தாராவி முழுக்கவே அப்போது மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள், பிள்ளைகள் வளர்ந்தார்கள், பக்கவாட்டில் நகர இடமில்லை. கீழே குடும்பம், மேலே வாடகைக்கு நான்கு பையன்கள், அல்லது ஒரு தையல் மெஷின்.

அந்தக் கப்பல் விஷயத்தைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் பிளேக்குக்குப் பயந்த பம்பாய், நெரிசலிலிருந்து தள்ளி அகலமான ரோடும் மரமுமாக மாட்டுங்காவைப் போட்டது. பிறகு எழும்பிய மூன்றுமாடிக் கட்டடங்களுக்கு ரங்கூனிலிருந்து தேக்கு வந்து இறங்கியது. அந்தக் கட்டடங்களில் தெற்கிலிருந்து டைப்ரைட்டரும் சுருக்கெழுத்தும் தெரிந்தவர்கள் குடிவந்தார்கள். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், யாரும் வேண்டாமென்ற சதுப்பில், தோல் பதனிடும் இடங்களைச் சுற்றி எங்கள் ஆட்கள் வந்து அமர்ந்தார்கள். இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசினோம். அப்பா அந்தப் பக்கம் போனதெல்லாம் பம்ப் சரிசெய்வதற்கு. அம்மா ஒரே ஒருமுறை, எனக்குப் பள்ளிக்கூடச் சீருடைத் துணி எடுக்க.

கதவு மாட்டிய பிறகு எங்கள் ரூமுக்கு லெட்டர் வீடு என்று பெயர் வந்துவிட்டது. பித்தளை மூடியில் ஆங்கிலத்தில் 'லெட்டர்ஸ்' என்று எழுதியிருந்தது. "லெட்டர் வீட்டுப் பிள்ளை" என்றால் நான். எங்கள் தபால்காரர் எப்போதும் சந்து முனையில் நின்று பெயரைக் கூப்பிடுகிறவர். அவரே எங்கள் வாசல்வரை வந்து, ஊரிலிருந்து வந்த இன்லேண்ட் கடிதத்தைத் துவாரத்தில் போட்டுவிட்டுப் போனார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். மற்ற நேரங்களில் பக்கத்து வீட்டுப் பெண்கள் அதன் வழியாகக் கறிவேப்பிலைக் கொத்தை நீட்டுவார்கள். தம்பி உள்ளேயிருந்து வாயை வைத்து நாய் மாதிரி குரைப்பான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பா கதவுக்கு பெயின்ட் அடித்தார், பெரும்பாலும் பச்சை. பித்தளையில் மட்டும் படாமல் காகிதம் ஒட்டி அடிப்பார்.

எதிர்வீட்டில் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். அவர் தோல் பை தைக்கிற இடத்தில் வேலை பார்த்தார். அவர் மனைவி அம்மாவை அக்கா என்பார், அம்மா அவரைத் தங்கச்சி என்பாள். அவர்களுக்கு இரண்டு பெண்கள். அவர்கள் வாசலில் இருந்தது ஒட்டுப்பலகைக் கதவு. ஒவ்வொரு மழையிலும் ஊறி இதழ் இதழாகப் பிரியும்.

மதக் கலவரத்தில் ஊர் பற்றியெரிந்த அந்த டிசம்பரும் ஜனவரியும் வந்தபோது நான் கல்லூரியை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம். அப்பா டிராம்பேயில் மாட்டிக்கொண்டிருந்தார், பஸ் ஓடவில்லை. எதிர்வீட்டுக்காரரும் ஊருக்குப் போயிருந்தார். ரோட்டுப் பக்கமிருந்து முதலில் கூச்சல் கேட்டது, பிறகு ஓடும் கால்கள். எதிர்வீட்டு அம்மா இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஒங்க கதவு நல்ல கதவு" என்றார்.

அம்மா அவர்களை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாளைப் போட்டாள். மூவரையும் ஏணியில் ஏற்றி மாளாவில் படுக்கச் சொன்னாள். நானும் தம்பியும் கீழே பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். சந்தில் ஒவ்வொரு வாசலாகக் கட்டையால் அடித்துக்கொண்டு வருவது கேட்டது. தகரம், தகரம், பலகை, மறுபடி தகரம். அப்புறம் எங்கள் கதவு. அது கனமாக ஒரே ஒரு சத்தம் போட்டது.

"கோன் ரஹ்தா ஹை?" யார் இருக்கிறது என்று ஒரு குரல் கேட்டது.

பித்தளை மூடி மேலே எழுந்தது. இரண்டு விரல்கள் தெரிந்தன. அம்மா எழுந்துபோய் அந்தத் துவாரத்தை ஒட்டி நின்றுகொண்டாள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அவள் சேலை மட்டும்தான் தெரிந்திருக்கும். தனக்குத் தெரிந்த மார்க்கெட் ஹிந்தியில், "கிறிஸ்டியன் கர் ஹை. பிமார் ஆத்மி ஹை. ஜாவ்" என்றாள். கிறிஸ்தவ வீடு, உள்ளே நோயாளி, போ என்று. குரல் பிசகவில்லை. ஒரு கையால் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்திருந்தாள். விரல்கள் விலகின. மூடி விழுந்தது. கட்டைச் சத்தம் அடுத்த வாசலுக்குப் போனது.

அவர்கள் சில நாட்கள் எங்களோடு இருந்தார்கள். அந்தச் சின்ன இடத்தில் ஆறு பேருக்கு அம்மா கஞ்சி காய்ச்சினாள். அப்பா எப்படியோ நடந்தும் லாரியிலுமாக வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டார். டூல்ஸ் பையை எடுத்து, துவாரத்தின் உள்பக்கம் ஒரு தகரத் துண்டை வைத்துத் திருகாணி போட்டு முறுக்கினார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்குக் கடிதங்கள் மறுபடி சந்து முனைவரைதான் வந்தன. எதிர்வீட்டுக்காரர்கள் அந்தக் கோடையில் ரூமை விற்றுவிட்டு, அவர்கள் ஆட்கள் குடியேறிக்கொண்டிருந்த மும்ப்ராவுக்குப் போனார்கள். போகும்போது அந்த அம்மா எங்கள் கதவின் மேல் கையை வைத்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார். அப்படித்தான் ஊரே தன்னைப் பிரித்து அடுக்கிக்கொண்டது, இவர்கள் இங்கே, அவர்கள் அங்கே என்று.

பிறகு எனக்கு ஃபோர்ட்டில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமாகிப் புருஷனோடு செம்பூர் திலக் நகருக்கு வந்துவிட்டேன். அப்பா போனார், சில வருடங்களில் அம்மாவும். தம்பி அதே ரூமில் இருந்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவனுக்குப் பெண் எடுத்தோம். வந்த புதிதில் ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாது அவளுக்கு. ஒரே வருடத்தில் தண்ணீர்ச் சண்டையில் அந்தச் சந்து முழுவதையும் அடக்குகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

எங்கள் கட்டடத்தில் எனக்கு இரண்டு மாடி மேலே ஒரு பாலக்காட்டு மாமி மகனோடு இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். ஒருநாள் லிஃப்ட் வேலை செய்யாமல் மாமி படியேறி மூச்சு வாங்க என் தளத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் நாற்காலி கொண்டுவந்து போட்டேன். அதிலிருந்து லிஃப்ட் வேலை செய்கிற நாட்களிலும் என் வீட்டில் இறங்கிப் பேசிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. போன வருடம் எங்கள் வீட்டு வாசல்கதவை மாற்றினோம். கடையில் ரெடிமேடாக வாங்கியது, பளபளவென்று. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க அப்பா ஒரு கதவு வாங்கினார் மாமி" என்று ஆரம்பித்துவிட்டேன்.

மாமி காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார். பால்கனி விழுந்த கட்டடம் என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"மாட்டுங்காலே எந்த ரோடு?"

"தெரியாது மாமி. அப்பா சொல்லல."

"லெட்டர் போட ஓட்டை இருந்துதா?"

"இருந்துது."

"எங்க பில்டிங்னா அது! அந்த மழையிலே முன்பக்கத்து பால்கனி அப்படியே இறங்கிடுத்து. எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டா. சாமான் எடுக்கத் திரும்பிப் போறேன், எங்க ஆத்துக்கு வாசல்கதவே இல்லே. கழட்டிண்டு போயாச்சு. ஆம் திறந்து கிடக்கு, ஜனங்க உள்ளே வந்து போயிண்டிருக்கா. எனக்கு இப்பவும் நன்னா ஓர்மை இருக்கு." நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, "அந்தக் கதவு இன்னும் இருக்கோ?" என்றார்.

"இருக்கு. தம்பி வீட்ல."

"என்னை ஒரு நாள் அழைச்சிண்டு போ. எங்களதா இல்லையான்னு பார்த்த மாத்திரத்திலே சொல்லிடுவேன்."

மகன் வேண்டாம் என்றார். அங்கேயெல்லாம் சந்துகளில் நடக்க முடியாது, விழுந்துவிடுவாய் என்றார். மாமி கேட்கவில்லை. இருபது வருடம் மாட்டுங்காவில் இருந்தேன், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை கூடப் போனதில்லை, இப்போது போனால் என்ன என்று கேட்டார்.

டாக்ஸியில் போனோம். சந்து முனையில் இறங்கியதும் மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். தலைக்கு மேல் வயர்களும் ஈரத்துணிகளும். மாமி கீழே பார்த்து அடியடியாக வைத்து நடந்தார். தம்பி மனைவி வாசலைக் கழுவி வைத்திருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மைனி, அவிய நம்ம வீட்ல தண்ணி குடிப்பாவளா? சீல் போட்ட பாட்டில் வாங்கி வச்சிருக்கேன்" என்று கிசுகிசுத்தாள். நான் திரும்பி வாசலில் நின்ற மாமியைப் பார்த்தேன்.

மாமி உடனே உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று கதவைப் பார்த்தார். அதன் மேல் இப்போது நீல நிறம். பெயர்ப்பலகைத் தடம் எப்போதோ பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்டது. பித்தளை மட்டும் பளிச்சென்று இருந்தது. மாமி மூடியைத் தூக்கிப் பார்த்தார், தகரம் இடித்தது.

"இதை எடுக்க முடியுமா?"

தம்பி திருப்புளியைக் கொண்டுவந்தான். திருகாணிகள் துருப்பிடித்து அசையவில்லை. எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித்தான் கழன்றன. தகரம் வந்ததும் மாமி மூடியைத் தூக்க, உள்ளே ஒரு கீற்று வெளிச்சம் தரையில் விழுந்தது. மாமி இப்போதுதான் உள்ளே வந்து, கதவின் உள்பக்கத்தை விரல்களால் தடவினார். துவாரத்தைச் சுற்றி, மேலே, கீழே, பக்கங்களில். அப்பா போட்ட இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"இல்லே" என்றார். "இது எங்களது இல்லே."

தம்பி மனைவி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். மாமி உட்கார்ந்தார். நாங்கள் கேட்காமலேயே சொன்னார்.

"எனக்குக் கல்யாணமாகி வந்தப்போ பதினெட்டு வயசு. அம்மா வாரம் தப்பாம கல்பாத்தியிலேர்ந்து லெட்டர் போடுவா. நான் சத்தம் கேட்டவுடனே ஓடிப்போய் எடுத்துப்பேன். மாமனாருக்கு அது பிடிக்கலே. ஆசாரியைக் கூப்பிட்டு ஓட்டைக்கு உள்பக்கம் ஒரு மரப்பெட்டி அடிச்சுட்டார், பூட்டு போட்டு. சாவி அவர் பூணூல்லே தொங்கும். ஆபீஸ்லேர்ந்து வந்து, கால் அலம்பி, ஜபம் பண்ணிட்டு, அப்புறம் திறப்பார். அவர் படிச்சப்புறம்தான் என் கைக்கு வரும். எங்க அம்மா என்னத்தை எழுதுவா? மாடு கன்னு போட்டுதுன்னு எழுதுவா. ஆனா அதை நான் முதல்லே படிக்கணும், கேட்டியா?"

தம்பி மனைவி, "படிச்சாவளா ஒங்க லெட்டர? பொம்பளப் பிள்ளைக்கு அவ ஆத்தா எழுதுனத?" என்றாள் கோபமாக. மாமனார் எதிரே நின்றிருந்தால் அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான்.

"பெட்டிக்கு நாலு மூலையிலேயும் ஆணி. அந்த நாலு ஓட்டையைப் பார்க்கணும்னுதான் வந்தேன். பார்த்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியலே." மாமி மறுபடி கதவைப் பார்த்தார். "இந்தக் கதவு இருந்த ஆத்துலே லெட்டர் நேரே தரையிலே விழுந்திருக்கும். யார் வேணா எடுத்திருக்கலாம். எந்த ஆமோ, நல்லவாளா இருந்திருக்கா."

அதற்குப் பிறகு சீல் போட்ட பாட்டிலைத் தம்பி மனைவி எடுத்துவந்து நீட்டினாள். மாமி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "டீ போடுவியோ?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தாள். டம்ளர் கைக்கு வந்தபோது மாமி ஒரு கணம் அதைப் பார்த்தது உண்மை. எண்பது வருடப் பழக்கம் அந்த ஒரு கணத்தில் இருந்தது. பிறகு தூக்கிக் குடிக்காமல், உதட்டில் வைத்தே குடித்தார். இஞ்சி கொஞ்சம் தூக்கல் என்றார்.

திரும்பும்போது மாட்டுங்கா வழியாகப் போகச் சொன்னார். கட்டடம் இருந்த இடத்தில் கண்ணாடி பதித்த ஒரு டவர் நின்றது. மாமி டாக்ஸியை விட்டு இறங்கி உள்ளே போகப் பார்த்தார். காவலாளி ஓடிவந்து, "மாஜி, கிஸ்கே கர் ஜானா ஹை?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். யார் வீட்டுக்கு என்று கேட்டவனைத் தாண்டி மாமி ஓரடி வைத்தார். அண்ணாந்து தன் வீடு இருந்த இரண்டாவது மாடி உயரத்தைப் பார்த்தார். அங்கே கார்கள் நின்றன. கீழ் மாடிகளெல்லாம் பார்க்கிங்.

"எங்க கூடத்துலே யாரோ காரை நிறுத்தியிருக்கான்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு ஹோட்டலில் உட்கார்ந்து இருவரும் ரசவடை சாப்பிட்டோம். செம்பூர் வந்து சேரும்வரை மாமி தூங்கிக்கொண்டே வந்தார்.

இப்போது தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக அளவெடுக்கிறார்கள். தம்பியின் சந்திலும் வந்து, ஒவ்வொரு வாசலிலும் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்போது இடிப்பார்கள், எங்கே வீடு கொடுப்பார்கள், மாளாவுக்குக் கணக்கு உண்டா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. டீக்கடையில் ஒவ்வொருவன் ஒவ்வொன்று சொல்கிறான். மான்குர்த் பக்கம் தூக்கிப்போட்டுவிடுவார்கள் என்று ஒருவன், இங்கேயேதான் என்று இன்னொருவன். போன மாதம் போனபோது நான் தம்பியிடம், "எது எப்படியோ, கதவ நான் எடுத்துக்கிடுதேன். அப்பா வாங்கினது" என்றேன். எங்கே வைப்பேன் என்று யோசிக்காமல்தான் சொன்னேன். தம்பி சரி என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

உள்ளேயிருந்து அவன் மனைவி வந்தாள். கையில் துணி.

"மைனி, நீங்க கேட்டா என்ன வேணும்னாலும் தாரேன். இதக் கேக்காதீய. நீங்க இந்தக் கதவோட இருந்தத விட நான் இருந்தது கூட. இந்தப் பித்தளைய நெதமும் தொடைக்கது யாரு? மழைக்கு உப்புனா இழைப்பு போட ஆளத் தேடிப் போறது யாரு? எனக்குக் குடுக்குத வீட்ல அவங்க என்ன கதவு வச்சாலும் சரி, அதக் கழட்டிட்டு இதத்தான் போடுவேன்."

தம்பி வேறு பக்கம் பார்த்தான். எனக்கு முதலில் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இந்த வாசலில் நான் மகளாக இருந்ததை விட அவள் பெண்டாட்டியாகவும் தாயாகவும் இருந்த வருடங்கள் அதிகம். "சரிட்டி, நீயே வச்சுக்கோ" என்றேன்.

அதற்குள் அவளுக்குக் கோபம் தணிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். கதவின் மேல்விளிம்பில் தூசி படிந்திருந்தது. "ஆடுது மைனி, கொஞ்சம் பிடிங்க" என்றாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.